கேட்டில் கட்டிய சிவப்புத் துணி

எனக்கு எழுபத்திரண்டு வயசு ஆகுதுங்க. வளர்த்தது ஆறு. நாலு நான் பெத்தது, ரெண்டு என்ற கொழுந்தனார் விட்டுட்டுப் போனது. ஆறும் நல்லா இருக்குது. ஆறுல ஒண்ணுகூட இன்னைக்கு வரைக்கும் "உனக்கென்ன தெரியும்"னு என்னைக் கேட்டதில்லை. கேட்க நான் விட்டதுமில்லை. படிச்சது மூணாங்கிளாஸ். எழுத்து மெதுவாத்தான் வரும். இதை எழுத ஆரம்பிச்சு இன்னையோட ஒம்பது நாள் ஆச்சு. எழுத்துக் கூட்டறது நான், கொம்பும் காலும் சரி பண்றது பேத்தி.

எதுக்கு இந்த வயசுல இந்த வேலைன்னா, எங்க நர்சம்மா கேட்டுட்டா. புதுசா வேலைக்குச் சேர்ற நர்சுப் பொண்ணுங்க நாலஞ்சு பேர் வராங்களாம். ஊடு ஊடாத் தனியாப் போற வேலை. அவங்களுக்குப் படிச்சுக் காட்டோணுமாம். "நீங்களே எழுதணும் ஆச்சி, நீங்க எழுதுனாத்தான் நம்புவாவ"ன்னா. அவ கேட்டு நான் முடியாதுன்னு சொன்னதில்லை. அதுவும் இந்த விஷயத்துல சொல்லவே முடியாது. ஏன்னு போகப் போகத் தெரியும்.

எங்க ஊடு அவிநாசிக்குத் தெக்கால. ஊட்டுக்குப் பின்னால நாலு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கறோம். மூணு வருஷத்துக்கு முந்தி அதுல ஒண்ணுக்குக் குடி வந்தவதான் அந்த நர்சம்மா. தெக்க, கடலோரத்து ஊர்க்காரி. வேதக்காரப் பொண்ணு, சர்ச்சுக்குப் போறவ. அவ வீட்டுக்காரருக்குத் திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் வேலை. வந்த புதுசுல என்னை ஆச்சி ஆச்சின்னு கூப்பிட்டா. எங்க பக்கம் அப்படிக் கூப்பிடற வழக்கமில்லீங்க. வேற யாரையோ கூப்பிடறான்னு ஒரு வாரம் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. வாடகைக்கு வந்தவ கிட்ட நான் கர்வம் காட்டறேன்னு அவ நினைச்சிருக்கறா. அப்புறம் விஷயம் தெரிஞ்சு ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சு.

காலையில ஒம்பது மணிக்கு ஸ்கூட்டரை எடுப்பா. தோள்ல ஒரு பை. பிரஷர் பார்க்கிற மெஷின், சர்க்கரை பார்க்கிற ஊசி, மாத்திரை, புண்ணுக்குக் கட்டுப் போடற பஞ்சு எல்லாம் அதுல இருக்கும். மாசமா இருக்கறவங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்க, ஆஸ்பத்திரிக்கு வர முடியாத வயசானவங்க, இவங்களை எல்லாம் ஊட்டுக்கே போய்ப் பார்க்கோணும். முந்தி ரெண்டு பேர் போயிட்டு இருந்தாங்களாம். இன்னொரு பொண்ணு மாத்தலாகிப் போயிட்டா. அந்த இடத்துக்கு ஆள் வரவே இல்லை. இவ ஒருத்திதான் அத்தனை தெருவும் சுத்தறா.

எங்க தெருக்களைப் பத்தி ஒண்ணு சொல்லோணும். ரெண்டு பக்கமும் தறிக் குடோன். விடிஞ்சதும் ஓட ஆரம்பிச்சா ஓயவே ஓயாது. தெருவுல ரெண்டு பேர் பேசறதைப் பார்த்தா வாய் மட்டும்தான் அசையும். பேச்சு கேக்கோணும்னா காதுகிட்ட வாயைக் கொண்டு போகோணும். பொறந்ததுல இருந்து அந்தச் சத்தத்துல இருக்கறதால எங்களுக்கு அது சத்தமாவே தெரியாது. ஆனா அவளுக்குத் தெரிஞ்சிருக்குது.

குடி வந்து ரெண்டு மாசம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் வந்தவ ஸ்கூட்டரை நிறுத்திட்டு இறங்காம அப்படியே உக்காந்திருந்தா. நான் கேட்டுப் பக்கத்துல உக்காந்து பனியன்ல நூல் பிசிறு வெட்டிட்டு இருந்தேன்.

"ஏங்கண்ணு, இறங்கலியா?"

"ஒண்ணுமில்ல ஆச்சி. வெயிலு."

"வெயிலுன்னா நிழலுக்கு ஓடி வருவாங்க சாமி, வெயில்லயே உக்காந்திருக்க மாட்டாங்க."

அதுக்கப்புறம்தான் சொன்னா. மாசமா இருக்கற பொண்ணு ஒருத்தியைப் பார்க்கப் போயிருக்கறா. அந்தப் பொண்ணு கம்பெனிக்குப் போயிட்டா. ஊட்டுல அவ மச்சாண்டார், புருஷனோட அண்ணன், அவன் மட்டும், காலையிலயே குடிச்சுட்டு. "உள்ள உக்காருங்க, இப்ப வந்துருவா"ன்னு சொல்லிப்போட்டு, ஏசிக் காத்து வெளிய போயிரும்னு கதவைச் சாத்தியிருக்கறான். இவளுக்குப் புரிஞ்சு போச்சு. "தெரு முனையில டாக்டர் வண்டி நிக்குது, கூப்பிடுதாவ"ன்னு ஒரு பொய்யைச் சொல்லி, அவனைத் தள்ளிட்டு வெளிய வந்துட்டா. அவ சொன்னதுல ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் காதுல நிக்குது.

"கத்துனேன் ஆச்சி. நான் கத்துன சத்தம் எனக்கே கேக்கல."

மேல இருக்கறவங்களுக்கு அவ எழுதிக் குடுத்தா. சீக்கிரம் ஆள் போடறோம்னு பதில் வந்துச்சு. அவளும் சும்மா இருக்கல. செருப்பை வாசல் பக்கம் பார்த்துத் திருப்பிக் கழட்டுவா. கதவுக்குப் பக்கத்துல இருக்கற சேர்லதான் உக்காருவா. போனை இடுப்புல சொருகிக்குவா, பையில போடமாட்டா. காப்பி குடுத்தா உள்ள வந்து குடிக்க மாட்டா, "இங்கனயே குடிக்கேன்"னு வாசல்லயே நின்னுக்குவா. எங்க சனத்துக்கு ஒறம்பரை, விருந்தாளி மாதிரி வந்தவங்க உள்ள வந்து காப்பி குடிக்கலைன்னா மானம் போன மாதிரி. "உங்க நர்சுக்கு ரொம்பத்தான் ராங்கி"ன்னு என்கிட்டயே வந்து சொன்னாங்க. "ராங்கி இல்லீங்க, புத்தி"ன்னேன்.

ஆனா இதெல்லாம் போதுமான்னு எனக்குச் சமாதானம் ஆகலை. சத்தம் போட்டாக் கேக்காத ஊர்ல கண்ணுதான் காவல். அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. வந்தது எனக்குத்தான், அதுல மாத்தமில்லை.

எங்க தெருவுல ஊட்டுக்கு ஒரு பொம்பளை பிசிறு வெட்டறவ. தைச்ச பனியனை கம்பெனியில இருந்து பண்டல் பண்டலாக் கொண்டு வந்து போடுவாங்க. தையல்ல நீட்டிட்டு நிக்கற நூலைச் சின்னக் கத்திரியில வெட்டி, மடிச்சுக் குடுக்கோணும். வெளிச்சம் வேணுமே, அதனால எல்லாரும் வாசல்லதான் இருப்போம். என் பசங்க "வேண்டாம்மா, ஊர் என்ன பேசும்"ங்கறாங்க. என்ற கை என்ற பேச்சை மட்டும்தான் கேக்கும். சும்மா இருக்கச் சொன்னா இருக்காது.

அத்தனை கண்ணு வாசல்லயே கிடக்குது. அதை உபயோகப்படுத்துனா என்னன்னு நினைச்சேன். கட்டிங் வேஸ்ட்ல இருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்து, முழ நீளத்துக்குக் கிழிச்சு, நர்சம்மா கையில குடுத்தேன். எந்த ஊட்டுக்குள்ள போனாலும் அந்த ஊட்டுக் கேட்டுல இதைக் கட்டு. வெளிய வந்தா அவுத்துக்கோ. எதிர்ல பிசிறு வெட்டறவ பார்த்துக்குவா. ஒரு பண்டல் வெட்டி முடிச்சும் துணி அங்கயே இருந்தா, எந்திரிச்சுப் போய்க் கதவைத் தட்டோணும். மணி பார்க்கத் தெரியாதவளுக்கும் பண்டல் கணக்குத் தெரியும் இல்லீங்களா.

கதவைத் தட்டி என்ன சொல்றதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. "நர்சம்மா, எனக்குத் தலை சுத்துது, வந்து பிரஷர் பாருங்க"ன்னு சொல்லச் சொன்னேன். மொத மாசம் ஆர்வக் கோளாறுல ஆளாளுக்குப் பண்டல் முடியறதுக்கு முன்னயே போய்த் தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஒரே நாள்ல ஏழு பேருக்குத் தலை சுத்துச்சு. "ஆச்சி, உங்க ஊருல ஏதோ சீக்கு பரவுது, நான் மேல எழுதப் போறேன்"னு நர்சம்மா கையெடுத்துக் கும்பிட்டா.

ரெண்டு வருஷத்துக்கு மேல அந்தத் துணி அவளைக் காப்பாத்துச்சு. ஊருக்குள்ள நான் நிமிந்து நடந்தேன். ஊத்துக்குளியில இருந்து என் நாத்தனா வந்தப்பக்கூட, கொண்டு வந்த வெண்ணெயை வாங்கி வைக்கறதுக்கு முந்தி இந்தக் கதையைத்தான் சொன்னேன்.

இப்ப அந்த நாளுக்கு வரேன்.

மூணாவது தெருவுல ஒரு பெரியவர். தறி மேஸ்திரியா இருந்தவர், கை வச்சா நின்ன தறி ஓடும்னு பேர். இப்ப ஞாபகம் போயிருச்சு. கால்ல சர்க்கரைப் புண். மகள் கம்பெனிக்குப் போயிருவா. நர்சம்மா வாரத்துக்கு ஒரு தடவை போய்க் கட்டு மாத்துவா. அவர் மேல அவளுக்குக் கொள்ளைப் பிரியம். "எங்க தாத்தா மாதிரியே மூக்கு"ம்பா. அவளை அவர் தன் தங்கச்சின்னு நினைச்சுக்குவார். பயமில்லாத ஊடுன்னு நாங்க எல்லாரும் முடிவு பண்ணி வச்சிருந்தது அந்த ஒரு ஊட்டைத்தான்.

பயமில்லாத ஊடுங்கறதால அன்னைக்கு அவ போனை உள் ரூம்ல சார்ஜுக்குப் போட்டுட்டா. ஸ்கூட்டரை எப்பவும் போலத் தெரு முனை மர நிழல்ல நிறுத்திட்டு, கேட்டுல துணி மட்டும் கட்டியிருந்தா. கட்டு மாத்தி முடிச்சு எந்திரிச்சா, பெரியவர் வாசல் கிரில்லைப் பூட்டி சாவியை மடியில வச்சுக்கிட்டார். "இத்தனை நாள் கழிச்சு வந்திருக்கற, சாப்பிடாம எங்க போற"ன்னு கேட்டிருக்கறார். சாவியைக் கேட்டா கோவம். போன் எடுக்க உள்ள போகலாம்னா கதவை மறிச்சு உக்காந்துக்கிட்டார். கிட்டப் போனப்ப ஊணி நடக்கற தடியை வீசினார், மணிக்கட்டுல பட்டு வீங்கிப் போச்சு. நெட்டித் தள்ளினா விழுந்திருவார்தான். விழுந்தா இடுப்பெலும்பு போயிரும். அது அவளுக்குத் தெரியும். அதனால தள்ளலை. கிரில்லைப் புடிச்சுக் கத்தினா. கேட்டு ஆளுயரத் தகரம், உள்ள நிக்கறவங்க தெருவுக்குத் தெரிய மாட்டாங்க. பக்கத்துலயே தறிக் குடோன். யாருக்குக் கேக்கும்?

துணி இருக்குது, ஒரு பண்டல் நேரத்துல யாராவது வந்துருவாங்கன்னு அவ நம்பிக்கையா உக்காந்திருந்தா. யாரும் வரலை.

ஏன்னு இப்பச் சொல்றேன். அன்னைக்குக் காலையில கம்பெனி வேன் நாலாவது தெருவுக்கு வந்துச்சு, வெட்டின பண்டலைக் குடுக்க அங்க போயிருந்தேன். வேன் ஓட்டற பையன் என் பண்டலைப் பிரிச்சுப் பார்த்துட்டு, "பாட்டி, பிசிறு நிக்குதுங்க. கண்ணாடி மாத்துங்க"ன்னான். நாலு பேர் முன்னால. இருவது வருஷமாப் பிசிறு வெட்டறேன், என்கிட்ட எவனும் அப்படிச் சொன்னதில்லை. எனக்குத் தலைக்கு ஏறிருச்சு. வேன் கதவை ஓங்கிச் சாத்தினேன். அதுல இருந்த கிரீஸ் கையெல்லாம் ஒட்டிக்கிச்சு. அவனை வைஞ்சுட்டே மூணாவது தெரு வழியா நடந்தேன். ஒரு கேட்டுல துணி தொங்குச்சு. அவுத்தேன், தொடைச்சேன், இடுப்புல சொருகிட்டு வந்துட்டேன்.

எங்க ஊர்ல எதைத் தொடைக்கோணும்னாலும் கை துணியைத் தேடாது, துணிதான் கையைத் தேடி வரும். வண்டி துடைக்க, மெஷின் துடைக்க, மூக்குத் துடைக்க, எல்லாத்துக்கும் பனியன் வேஸ்ட்தான். யார் கேட்டுல தொங்கினாலும் எடுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா அந்தத் துணியைக் கிழிச்சுக் குடுத்தவ நான். அதுதானே விஷயம்.

எதிர் ஊட்டுல பிசிறு வெட்டிட்டு இருந்தவ ஒரு வடக்கத்திப் பொண்ணு. புருஷன் நிட்டிங்ல வேலை பார்க்கறான். தமிழ் அரைகுறை. அவ நிமிந்து பார்த்தப்ப கேட்டுல துணி இல்லை. சரி, நர்சக்கா போயிட்டாங்கன்னு அடுத்த பண்டலைப் பிரிச்சுட்டா.

அப்படியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல போச்சு. கத்திக் கத்தி ஓஞ்சு போயி, பெரியவரை அமத்தறதுக்காக நர்சம்மா சர்ச்சுல பாடற பாட்டைப் பாட ஆரம்பிச்சிருக்கறா. தறிச் சத்தத்துல அவருக்குக் கேக்கோணுமே, அதனால உச்சத்துல பாடியிருக்கறா. அவரும் தலையாட்டிக் கேட்டுட்டு இருந்தாராம். அப்பப் பார்த்துக் கரண்ட் போச்சு. தெருவே ஒரு நொடியில ஊமையாயிருச்சு. அந்த ஊமையில ஒரே ஒரு குரல் மட்டும் தனியாக் கேட்டுச்சு.

மொதல்ல எந்திரிச்சவ அந்த வடக்கத்திப் பொண்ணுதான். அவ குழந்தைக்கு ஊசி போடறப்ப நர்சம்மா முணுமுணுக்கற பாட்டு அது. மடியில கிடந்த பனியனெல்லாம் ரோட்டுல விழ, "தீதீ அந்தர்! தீதீ அந்தர்!"னு கத்திட்டே குடோனுக்குள்ள ஓடினா. அக்கா உள்ள இருக்காங்கன்னு அர்த்தமாம். தறி ஓட்டறவங்க ஸ்பேனரோட வந்து பூட்டை உடைச்சாங்க. "என்ற ஊட்டுப் பூட்டை ஏண்டா உடைக்கறீங்க? அந்தப் புள்ளை இன்னும் சாப்பிடவே இல்லை"ன்னு பெரியவர் ஒரே சண்டை.

நான் போய்ச் சேர்றப்ப நர்சம்மா கேட்டைப் புடிச்சுட்டு நின்னா. கை வீங்கியிருந்துச்சு. என்னைப் பார்த்ததும் கேட்ட மொத கேள்வி, "துணி எங்க ஆச்சி?"

எனக்கு இடுப்புல நெருப்பு வச்ச மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது.

நான் வாயத் திறக்கறதுக்குள்ள, சுத்தி நின்ன பொம்பளைங்க அந்த வடக்கத்திப் பொண்ணைப் புடிச்சுட்டாங்க.

"துணியைப் பாருன்னா போனைப் பார்த்துட்டு இருந்திருப்பா."

"பாஷை தெரியாதவளைக் காவல் வச்சா இப்படித்தான்."

அவ அழுதா. "துணி இல்லை. நான் பார்த்தது. துணி இல்லை"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னா. நான் சொல்லலீங்க. ஆறு புள்ளைங்களைப் பொய் சொல்லாதேன்னு அடிச்சு வளர்த்தவ, அங்க நின்னுட்டு இருந்தேன், சொல்லலை.

மூணு நாள் அப்படியே இருந்தேன். நாலாம் நாள் காலையில ஊட்டுக்குப் பின்னால நர்சம்மா அவ அம்மாகிட்டப் போன்ல பேசறது கேட்டுச்சு.

"ம்மா, நான் வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருதேன். இங்க எவனோ நோட்டம் பாக்கான். துணிக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சுதான் அவுத்திருக்கான். இன்னிக்கு அவுத்தவன் நாளைக்கு உள்ள வர மாட்டானா? எந்தக் கதவுல கை வச்சாலும் பயமா இருக்கும்மா."

நான் மானத்தைக் காப்பாத்திட்டு இருந்த மூணு நாளும், இல்லாத ஒருத்தனுக்கு அவ பயந்துட்டு இருந்திருக்கறா. எங்க ஊரே வேண்டாம்னு கிளம்பற அளவுக்கு.

போனை வைக்கற வரைக்கும் நின்னேன்.

"கண்ணு, அந்தத் துணியை எவனும் அவுக்கலை."

"பின்ன?"

"நான்தான்."

"நீங்களா? நீங்க எதுக்கு ஆச்சி அவுத்தீங்க?"

"கை தொடைக்க."

மூணு நாளா இடுப்புலயே ஒளிச்சு வச்சிருந்ததை எடுத்துக் காட்டினேன். சிவப்புல கருப்பாக் கிரீஸ். அவ அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அப்புறம் அப்படியே தரையில உக்காந்துட்டா. அழறாளா சிரிக்கறாளான்னு எனக்குப் புரியலை. ரெண்டும்தான்.

"மூணு நாளா ஊருல ஒவ்வொரு ஆம்பளை மூஞ்சியாப் பாத்து இவனா அவனான்னு செத்துட்டு இருக்கேன். கடைசியில நீங்களா? கோவம் வந்தா கண்ணு அவிஞ்சா போகும்? அந்தப் புள்ளையை அத்தனை பேரும் ஏசும்போது வாயில என்ன வச்சிருந்தீங்க?"

நல்லா ஏசினா. என்னை அப்படி ஏச இதுவரைக்கும் ஒரு ஆள் பொறந்ததில்லை. நின்னு வாங்கிக்கிட்டேன். கடைசியில மூச்சு வாங்க, "ஒரு காப்பி போடுங்க, தொண்டை வறண்டு போச்சு"ன்னா. உள்ள வந்து உக்காந்து குடிச்சா. அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு.

அன்னைக்கே மூணாவது தெருவுக்குப் போனேன். தறி ஓடிட்டு இருக்கறப்ப ஒரு தப்பை ஒத்துக்கறது லேசுப்பட்ட காரியமில்லீங்க. ஒரு தடவை சொல்லிட்டு வந்திர முடியாது. ஒவ்வொருத்தி காதுலயும் தனித்தனியாக் கத்தோணும். "நான்தான் அவுத்தேன்." "என்னது?" "துணியை! நான்தான்!" "எந்தத் துணி?" பதினோரு காதுல கத்தினேன். அந்த வடக்கத்திப் பொண்ணுகிட்ட மட்டும் கத்தலை. பக்கத்துல உக்காந்து, அவ பண்டல்ல பாதியை என் மடிக்கு இழுத்து வெட்ட ஆரம்பிச்சேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்தவ, நான் வெட்டின பனியன் ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல புடிச்சு, "பாட்டி, பிசிறு இருக்கு"ன்னா. அந்த வேன்காரப் பையன் சொன்னது நிசந்தான் போல. அடுத்த வாரம் கண்ணாடி மாத்தினேன்.

நர்சம்மா எழுதிக் குடுக்கலை. ஆனா துணி வச்ச ஏற்பாட்டை விட்டுட்டோம். துணியால ஆன எதையும் எங்க ஊர்ல நம்பி ஒரு கேட்டுல விட முடியாதுன்னு நானே சொல்லிட்டேன். இப்பக் காலையில எந்தெந்த ஊடுன்னு வரிசையா என்கிட்டச் சொல்லிட்டுப் போவா. உள்ள போறப்ப ஒரு மிஸ்டு கால், வெளிய வந்தா ஒண்ணு. எனக்கும் வரும், அந்த வடக்கத்திப் பொண்ணுக்கும் வரும். ரெண்டாவது கால் வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் போனை மடியை விட்டு இறக்கறதில்லை. சரியா இல்லைன்னு தோணற ஊட்டுக்கு அந்தப் பொண்ணும் கூடப் போறா. பெரியவர் ஊட்டுக்கு மகள் இருக்கற ஞாயித்துக்கிழமைதான். அவர் இன்னும் கேக்கறார், அந்தப் புள்ளை சாப்பிட்டுப் போச்சான்னு.

வரப்போற பொண்ணுங்களுக்கு நான் சொல்றது ரெண்டுதான். பயமில்லாத ஊடுன்னு ஒண்ணு கிடையாது சாமி, போனை இடுப்பை விட்டு எடுக்காதீங்க. இன்னொண்ணு, உங்களுக்காகக் காவல் இருக்கறவங்க தப்புப் பண்ணினா, பயப்படறதுக்கு முந்தி அவங்களைப் புடிச்சுக் கேளுங்க. எங்களுக்கும் சொல்ல வாய் வராது சில நேரம்.

எழுதி முடிச்சாச்சு. விரல் வலிக்குது. ஏங்கண்ணு, கொம்பும் காலும் போட்டது போதும், அந்தப் போனைக் கீழ வச்சுட்டு இங்க வா. மொதல்ல இருந்து படி. என்ற மானம் போயிரும்னு நீ எதையும் மாத்தி எழுதலையே? கை தொடைச்ச இடம் வர்றப்ப நல்லாச் சத்தமாப் படி. தறி ஓடிட்டு இருக்குது, எனக்குக் கேக்கோணும்.